கமறல்

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால், முறுக்கு மாவைப் பிசைந்து வைத்துவிட்டு, குவாலியில் எண்ணெயை ஊற்றி அடுப்பைப் பெரிதாக எரியவிட்டு, வாசலில் யாரோ கூப்பிட்ட குரலுக்குப் போய் நாலு வார்த்தை பேசி நின்றுவிட்ட ஒரு வீட்டுக்காரி, திரும்பி வந்து பார்க்கையில் சமையலறை முழுதும் மெல்லிய நீலப் புகை மண்டியிருக்க, கண்கள் எரிந்து நீர் வழிய, தொண்டைக் குழியை அரம் கொண்டு ராவுவது போன்ற இருமல் கிளம்ப, முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு, "ஏம்மா, அந்த ஜன்னலத் திறந்து விடு, எண்ணெய் கமறுது!" என்று மகளைக் கூவி அழைக்கிறாள். விஷவாயுக்களின் சரித்திரத்தைச் சொல்ல வந்தவன் முறுக்குச் சட்டியில் தொடங்குவது வேடிக்கையாகத் தோன்றலாம்; ஆனால் யுத்தகளத்தில் மனிதன்மேல் மனிதன் ஏவிய வாயுக்களுள் ஒன்று அந்த நீலப் புகைக்குள்ளேயே இருக்கிறது என்பதும், அதே வாயு 2019-ஆம் ஆண்டில் எங்கள் பாசிர் கூடாங்கின் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் தொண்டையையும் பிடித்தது என்பதும், அதற்குப் பிறகு 'கமறல்' என்ற சொல்லை நான் சாதாரணமாகக் கேட்டுக் கடந்துபோக முடியாமற் போனதற்குக் காரணங்கள்.

எண்ணெயின் ஒவ்வொரு மூலக்கூறும், கிளிசரின் என்ற சிறிய முளையில் மூன்று நீண்ட கொழுப்பமிலக் கயிறுகளைக் கட்டிவைத்தாற் போன்ற அமைப்புடையது. சூடு அளவுக்கு மிஞ்சும்போது கயிறுகள் அவிழ்கின்றன. தனித்துவிட்ட கிளிசரின், தன்னிடமிருந்து இரண்டு நீர் மூலக்கூறுகளை இழந்து, மூன்று கரியணுக்களும் நான்கு ஹைட்ரஜன் அணுக்களும் ஒரே ஒரு பிராணவாயு அணுவும் கொண்ட வேறொரு பொருளாகிக் காற்றில் எழுகிறது. ஸ்வீடன் தேசத்து ரஸாயன சாஸ்திரியான பெர்சிலியஸ் 1839-இல் இதற்கு, 'காரமானது', 'எண்ணெய்' என்று பொருள்படும் இரண்டு லத்தீன் சொற்களைப் பிணைத்து, அக்ரோலின் என்று நாமகரணம் செய்தார். அவர் பொருளுக்குப் பெயரிட்டார். நம் பெண்களோ அது தொண்டையில் செய்கிற வேலைக்கே பெயரிட்டு வைத்திருந்தார்கள். பத்து லட்சம் பங்கு காற்றில் ஒரு பங்குகூட வேண்டாம், அதற்கும் குறைவாகக் கலந்தாலே கண் கலங்கிவிடும். கண், மூக்கு, தொண்டை இவற்றின் நரம்பு நுனிகளில் டிஆர்பிஏ1 என்று விஞ்ஞானிகள் குறிப்பிடும் ஒரு புரதக் கதவு இருக்கிறது. கடுகெண்ணெயின் காரம் தட்டுவதும், கலகக் கூட்டத்தின்மேல் போலீஸார் வீசும் கண்ணீர்ப்புகை தட்டுவதும், அக்ரோலின் தட்டுவதும் அந்த ஒரே கதவைத்தான். கதவு திறந்ததும் உடம்பு கண்ணீராலும் சளியாலும் இருமலாலும் வந்தவனை வெளியே தள்ளப் பார்க்கிறது. ஆகவே கமறல் என்பது வியாதியன்று, காவல்.

பாசிர் கூடாங்கைப் பற்றி வெளியூர்க்காரர்கள் அறிந்தவை பெரும்பாலும் இரண்டு. ஜோகூர் நீரிணையின் கரையில் 1977-இல் துறைமுகம் திறந்த நாள் முதலாகச் செம்பனை எண்ணெயைச் சுத்திகரிக்கும் ஆலைகளும், அந்த எண்ணெயைப் பிளந்து கொழுப்பமிலமும் கிளிசரினும் எடுக்கும் ஆலைகளும், பெட்ரோலியத்திலிருந்து பலவகைப் பிளாஸ்டிக் சரக்குகளைப் பிறப்பிக்கும் ஆலைகளும், வரிசை வரிசையாக வெள்ளை வெளேரென்று நிற்கும் சேமிப்புத் தொட்டிகளும் பெருகிப்போன தொழிற்பேட்டை இது என்பது ஒன்று. உலகத்தின் பல தேசங்களிலிருந்து ஆட்கள் வந்து ராட்சதப் பட்டங்களைப் பறக்கவிடும் திருவிழாவும், குன்றின்மேல் பட்டங்களுக்கென்றே ஒரு காட்சிசாலையும் உடைய ஊர் என்பது மற்றொன்று. காற்று நன்றாக வீசும் இடமாதலால் பட்டம் பறக்கிறது. காற்று நன்றாக வீசும் இடமாதலால் புகையும் கலைந்துபோகும் என்று நாங்கள் வெகுகாலம் நம்பியிருந்தோம்.

கிம் கிம் ஆறு பெரிய நதியன்று. மாசாய்ப் பக்கமிருந்து வண்டியில் வருகிறவன் பாலத்தின்மேல் ஒருமுறை கண் சிமிட்டினால் தவறவிட்டுவிடக்கூடிய, கண்டல் மரங்களுக்கிடையே சேற்றோடு நகரும் சிறு உப்பாறு. 2019 மார்ச் 7-ஆம் தேதி விடிவதற்குள் அதில் யாரோ லோரியில் கொண்டுவந்து கொட்டிய ரஸாயனக் கழிவெண்ணெய், இருபது முதல் நாற்பது டன் வரை இருக்கலாமென்று பின்னால் மதிப்பிடப்பட்டது. காலையில் தாமான் பாசிர் பூத்தே வட்டாரப் பள்ளிகளில் பிள்ளைகள் மயங்கியும், வாந்தியெடுத்தும், மூச்சுத் திணறியும் விழத் தொடங்கினார்கள். இரண்டொரு நாள் அடங்கியது போலிருந்து, ஆற்றைச் சுத்தம் செய்யும் வேலை நடந்துகொண்டிருந்த சமயத்திலேயே, மார்ச் 11-ஆம் தேதி முதல் இரண்டாவது அலை முன்னதைவிடப் பெரிதாக எழுந்தது. 13-ஆம் தேதி 111 பள்ளிகளை மூடும்படி உத்தரவு வந்தது. உள்ளரங்க விளையாட்டு மண்டபம் ஒன்று ஒரே இரவில் வைத்தியசாலையாக மாறியது. சிகிச்சைக்கு வந்தவர்கள் ஏறத்தாழ 6,000 பேர், ஆஸ்பத்திரியில் படுக்கையில் சேர்க்கப்பட்டவர்கள் 2,700-க்கு மேற்பட்டோர். அந்தக் கிழமையில் எங்கள் தாமானில் நடந்த சம்பாஷணைகளில் பாதி, "ஒங்க பிள்ளைக்குக் கமறுதா?" என்பதாகவே இருந்தது.

காற்றிலிருந்து கண்டெடுத்த பொருள்களின் ஜாபிதாவைத் தீயணைப்புப் படையின் ரஸாயனப் பிரிவினரும் அதிகாரிகளும் வெளியிட்டபோது, மீத்தேன், பென்சீன், டொலுவீன், ஸைலீன், ஹைட்ரஜன் குளோரைடு, அக்ரைலோநைட்ரைல் என்று நீண்டுபோன வரிசையில் என் கண் தங்கி நின்றது அக்ரோலின் என்ற பெயரில். அதற்கு நூற்று மூன்று வருஷங்களுக்கு முன்பு, 1916-இல், பிரெஞ்சுப் பட்டாளத்தார் 'பாப்பீத்' என்று செல்லப் பெயரிட்டு அதைப் போருக்கு அழைத்துச் சென்றிருந்தார்கள்.

பகைவனைப் புகையால் திணறடிப்பது மனிதனுக்குப் புதிதாக உதித்த யோசனையன்று. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் தன் பதினான்காம் அதிகரணத்தில் குருடாக்கும் புகைகளுக்கும் கொல்லும் புகைகளுக்கும் பாகம் சொல்கிறது. அவற்றில் எத்தனை பலித்திருக்கும் என்பது வேறு விஷயம். புதிதாக வந்தது அளவுதான். அந்த அளவைக் கொடுத்தது ஆலை. 1899-இல் ஹேக் நகரில் கூடிய வல்லரசுகள், மூச்சடைக்கும் வாயுவைப் பரப்புவதே ஏக நோக்கமாகக் கொண்ட எறிபடைகளைப் பிரயோகிப்பதில்லை என்று கையொப்பமிட்டன. ஜெர்மனியின் சாயத் தொழிற்சாலைகளிலோ குளோரின் மலிந்து கிடந்தது. 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்ர நகரருகே, ஆறு கிலோமீட்டர் நீளத்துக்குப் பதுங்கு குழிகளின் முகப்பில் 5,730 இரும்பு உருளைகளைப் புதைத்து வைத்துவிட்டு, ஏகக் கட்டளையாளனாகிய காற்றின் உத்தரவுக்காக அந்தப் பட்டாளம் நாட்கணக்காகக் காத்திருந்தது. எறிபடை எதுவும் எறியப்படவில்லை, குழாய்தான் திறக்கப்பட்டது என்பதால் ஹேக் பத்திரத்தின் எழுத்துக்குப் பங்கமில்லையாம்! 22-ஆம் தேதி மாலை ஐந்து மணிக்குக் காற்று சாதகமாகத் திரும்பியது. பச்சையும் மஞ்சளும் கலந்த சுவர் ஒன்று தரையோடு தரையாக நகர்ந்து வந்தது. குளோரின் காற்றைவிட இரண்டரை மடங்கு கனமானதாதலால், குண்டுக்குத் தப்பக் குழிக்குள் ஒளிந்தவனைத்தான் முதலில் தேடிச் சென்றது. ஈரத்தில் அது அமிலமாகிறது; சுவாசகோசத்திலோ ஈரமில்லாத இடமில்லை. புண்பட்ட திசுக்களிலிருந்து கசியும் நீரிலேயே மனிதன் கரையில் இருந்தபடி மூழ்கிப் போகிறான்.

இதை முன்னின்று நடத்திய பிரிட்ஸ் ஹேபர், காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து அம்மோனியாவாக்கி உரம் செய்யும் வழியைக் கண்டவர். இன்று உலகில் உண்ணப்படும் சோற்றில் பெரும்பகுதி அவருக்குக் கடன்பட்டது. அவருடைய மனைவி கிளாராவும் ரஸாயனத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர். ஈப்ரத் தாக்குதலுக்குப் பத்தாம் நாள் கணவருடைய துப்பாக்கியாலேயே சுட்டுக்கொண்டு மாண்டார். 1918-ஆம் வருஷத்து நோபல் பரிசு ஹேபருக்குக் கிடைத்தது, அம்மோனியாவுக்காக.

ஈப்ரத்தில் அந்த வாயுவை உட்கொண்டவர்களில் இந்தியச் சிப்பாய்களும் உண்டு. ஏப்ரல் 26-ஆம் தேதி எதிர்த்தாக்குதலுக்கு ஏவப்பட்ட லாகூர் டிவிஷன், முகமூடி என்ற வஸ்துவையே அறியாதது. ஈரத்துணியை வாயில் கட்டிக்கொண்டு அந்தப் பச்சைச் சுவருக்குள் நடந்தது. வெள்ளை அதிகாரிகள் யாவரும் விழுந்துவிட்ட நிலையில், மிச்சமிருந்தவர்களைத் திரட்டி இருட்டும்வரை இடத்தை விடாமல் காத்து, பின்பு குண்டுமழையில் எட்டு அதிகாரிகளைச் சுமந்து மீட்ட ஜமேதார் மீர் தஸ்த் என்ற பட்டாணியருக்கு விக்டோரியா சிலுவை வழங்கப்பட்டது. பதக்கத்தை மன்னர் கையாலேயே வாங்கினார். சுவாசத்தில் புகுந்த வாயுவின் உபத்திரவமோ பதக்கத்தோடு தீரவில்லை.

அக்ரோலின் இந்தக் கதையில் ஒரு தோற்றுப்போன சிப்பாய். உருளையிலும் குண்டிலும் அடைபட்டு இருக்க அதற்குப் பொறுமை கிடையாது; தன் மூலக்கூறுகளையே ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு பிசினாக உறைந்துவிடும் சுபாவம் அதற்கு. பிரெஞ்சுக்காரர் கொஞ்ச காலம் பிரயோகித்துப் பார்த்துவிட்டுக் கைவிட்டார்கள். குளோரினுக்குப் பின் பாஸ்ஜீன் வந்தது. 1917 ஜூலையில் 'கடுகுவாயு' வந்தது. நம் கடுகுக்கும் அதற்கும் நெடியைத் தவிர உறவு எதுவுமில்லை, அது வாயுவும் அன்று, தோலில் பட்டு மணிக்கணக்கில் கழித்துக் கொப்புளமாக எழும் எண்ணெய்ப் பசையான திரவம். யுத்தம் முடிந்தபோது வாயுவால் பாதிக்கப்பட்டோர் சுமார் 13 லட்சம் பேர், மாண்டோர் 90,000 பேர் என்று கணக்கிட்டார்கள்.

ஆயுதம் பிறந்த மறுநாளே அதைப் பற்றிய ஆராய்ச்சியும் பிறந்தது. என் மனத்தை அதிகம் ஈர்ப்பது அந்த ஆராய்ச்சியின் கதையே. ஈப்ரத் தாக்குதல் நடந்த சில நாட்களுக்குள், சுரங்கங்களின் கெட்ட காற்றை ஆயுள் முழுதும் ஆராய்ந்திருந்த பிரிட்டிஷ் உடலியல் அறிஞர் ஜே.எஸ். ஹால்டேன் பிரான்சுக்கு அனுப்பப்பட்டார். முகமூடிகளைச் சோதிக்க அவருக்கு மனித சுவாசகோசங்கள் தேவைப்பட்டன. அவர் தம்முடையதையும், போர்முனையிலிருந்து வரவழைத்த தம் மகனுடையதையும் கொடுத்தார். குளோரின் அடைத்த கண்ணாடி அறைக்குள் முகமூடியோடும் முகமூடியில்லாமலும் மாறி மாறி நின்று, எத்தனை நேரம் தாங்கும் என்று கணக்குப் பார்த்த அந்த மகன்தான், பிற்காலத்தில் மரபணு சாஸ்திரத்தில் பெரும்புகழ் பெற்று, 1957-இல் இங்கிலாந்தை உதறிக் கல்கத்தாவுக்குக் குடிவந்து இந்தியப் பிரஜையாகவே ஆகிவிட்ட ஜே.பி.எஸ். ஹால்டேன். 1964-இல் புவனேஸ்வரத்தில் காலமானபோது, தம் உடலைக் காகிநாடாவிலுள்ள ரங்கராயா மருத்துவக் கல்லூரி மாணவர்களின் படிப்புக்குக் கொடுத்துவிட்டார். இளமையில் மூச்சையும் முதுமையில் தேகத்தையும் தாமே மனமுவந்து சாஸ்திரத்துக்குத் தந்த மனிதர்.

ஆயினும் அவரிடத்தில் எனக்கு ஒரு வழக்கு உண்டு. 1925-இல் 'காலினிக்கஸ்' என்ற சிறு நூலில் அவர் ரஸாயன யுத்தத்துக்காக வாதாடினார். வெடிகுண்டு கிழித்துக் கொல்வதைவிட வாயு மனிதத்தன்மை உடையது என்பது அவர் கட்சி. அதை ஒரு தர்க்கமாகவாவது எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அமெரிக்கப் பட்டாளத்தில் நடந்த சோதனைகளைக் காட்டி, கறுத்த தோலுடையவர்களைக் கடுகுவாயு எளிதில் கொப்புளிக்கச் செய்வதில்லையென்றும், ஆகவே நிறத்தவரைப் பட்டாளமாகவும் அதைத் தாங்கக்கூடிய சில வெள்ளையரை அதிகாரிகளாகவும் வைத்துப் படை திரட்டலாமென்றும் அதே நூலில் எழுதினாரே, அந்தப் பக்கத்தை வாசிக்கையில் காகிநாடாவை நினைத்தாலும் மனம் சமாதானமாவதில்லை.

அந்தக் கேள்வியை வேறு சிலர் காகிதத்தோடு விடவில்லை. இங்கிலாந்தின் போர்ட்டன் டவுன் ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானிகள், இப்போது பாகிஸ்தானில் இருக்கும் ராவல்பிண்டியில், 1930-களின் தொடக்கத்திலிருந்து பத்தாண்டுகளுக்கு மேலாக, பிரிட்டிஷ் இந்தியப் பட்டாளத்துச் சிப்பாய்கள் நூற்றுக்கணக்கானோரைக் கடுகுவாயுச் சோதனைக்கு உட்படுத்தினார்கள். இந்தியத் தோலில் இந்த விஷம் வெள்ளைத் தோலில் போலவே செய்கிறதா, கூடவா, குறைவா என்பதுதான் ஆராய்ச்சிப் பொருள். சிப்பாய்கள் அரைக்கால் சட்டையும் பருத்திச் சட்டையும் அணிந்து, முகத்துக்கு மாத்திரம் மூடி போட்டு, வாயு அறைக்குள் அனுப்பப்பட்டார்கள். கடுமையான தீப்புண்களோடு சிலர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். ஆவணக் காப்பகத்தில் கிடந்த தஸ்தாவேஜுகளிலிருந்து இது பத்திரிகையில் வெளிவந்தது 2007-இல். ஹால்டேன் கண்ணாடி அறைக்குள் போனபோது எவ்வளவு குளோரின், எத்தனை நிமிஷம் என்று தெரிந்து போனார். எப்போது வேண்டுமானாலும் கதவைத் திறந்துகொண்டு வெளியே வரலாம். ராவல்பிண்டிச் சிப்பாய்க்கு அதிகாரியின் உத்தரவே சம்மதப் பத்திரம்.

அளவும் நேரமும் என்று சொன்னேன். ஹேபர் தம் சோதனைகளிலிருந்து ஒரு சூத்திரம் கண்டிருந்தார்: வாயுவின் செறிவை அதைச் சுவாசித்த நேரத்தால் பெருக்கி வரும் தொகை சமமாக இருந்தால், விளையும் கேடும் சமமாகவே இருக்கும். மிகுந்த விஷம் கொஞ்ச நேரம், அல்லது கொஞ்ச விஷம் மிகுந்த நேரம். பாஸ்ஜீனுக்கு இது நன்றாகவே பொருந்துகிறது. எல்லா வாயுக்களுக்கும் பொருந்தாது என்று பிற்கால ஆராய்ச்சி திருத்தியது, ஏனெனில் சிறிய அளவிலான தீங்கை உடம்பு அப்போதைக்கப்போதே சரிசெய்துகொள்ள முயல்கிறது, அக்ரோலின் போன்ற எரிச்சலூட்டிகளிலோ நேரத்தைவிடச் செறிவுக்கே அதிகாரம் அதிகம். இருந்தாலும் கொலைக்கென்று எழுதிய அந்தப் பெருக்கல் கணக்கின் வாரிசுகளே, இன்று ஆலைத் தொழிலாளி எட்டு மணி நேரத்தில் எவ்வளவு சுவாசிக்கலாம் என்று சுவரில் தொங்கும் அட்டவணைகள். அந்த எட்டு மணி நேரம் வயது வந்த தொழிலாளிக்காக இடப்பட்டது. வகுப்பறையில் காலை ஏழரை முதல் உட்கார்ந்திருக்கும் எட்டு வயதுப் பிள்ளையின் சுவாசம் வேறு: தன் எடைக்கு அது பெரியவர்களைவிட அதிகக் காற்றை இழுக்கிறது. மூக்கும் தரைக்கு அருகில். அக்ரோலின் காற்றைப் போல ஏறக்குறைய இரு மடங்கு கனம்.

தற்காப்பின் கதையில் நம்மவர்கள் வருகிற இடம் வேறு மாதிரி. முகமூடியின் உயிர் இரண்டு பொருள்களில் இருக்கிறது. ஒன்று, முகத்தோடு காற்றுப் புகாமல் படியும் ரப்பர். மற்றொன்று, உள்ளே அடைக்கும் கரி. அதுவும் எந்தக் கரியும் உதவாது, தேங்காய்ச் சிரட்டையைச் சுட்டுப் பதப்படுத்திய கரிக்கு ஈடாக முதல் உலக யுத்த காலத்தில் வேறொன்றை எளிதில் காண முடியவில்லை. சிரட்டைக் கரியின் ஒரு கிராமுக்குள் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத குகைகளின் சுவர்களையெல்லாம் விரித்துப் பரப்பினால் ஆயிரம் சதுர மீட்டர் அளவுக்கு வரும்; விஷ மூலக்கூறுகள் அந்தச் சுவர்களில் பல்லிபோல் ஒட்டிக்கொண்டு நின்றுவிடுகின்றன. 1938-இல் போர் மேகம் திரண்டபோது பிரிட்டன் தன் ஜனங்களுக்கு மூன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட முகமூடிகளை விநியோகித்தது. அந்நாளில் உலகச் சந்தைக்கு ரப்பர் அனுப்பியதில் முதலிடம் மலாயாவினுடையது. மலாயாவின் பால்மரக் காடுகளில் விடியுமுன்னே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, உளியால் பட்டை சீவி, மங்கில் சொட்டும் பாலைச் சேர்த்தவர்களோ பெரும்பாலும் தமிழர்கள். லண்டன் குழந்தையின் முகத்தில் படிந்த அந்த ரப்பர் எந்தத் தோட்டத்து நிரையில் வடிந்தது என்று யார் சொல்வது? அதே தோட்டங்களில் களைக்கொல்லி தெளித்த பெண்களுக்கு, அதற்கு வெகு காலத்துக்குப் பின்னும், பழைய துண்டு ஒன்றே முகமூடியாக இருந்தது.

களைக்கொல்லி, பூச்சிக்கொல்லி என்றதும் இன்னொரு கிளை விரிகிறது. இரண்டாம் உலக யுத்தத்துக்கு முன்னரே ஜெர்மனியில் பூச்சிமருந்து தேடியபோது நரம்பு விஷங்கள் தட்டுப்பட்டன. 1952 வாக்கில் இங்கிலாந்தின் பெரிய ரஸாயனக் கம்பெனியில் பணியாற்றிய ரணஜித் கோஷ் என்ற இந்திய விஞ்ஞானியும் பூச்சிமருந்தைத்தான் தேடினார். அவர் கண்ட வகையில் ஒன்று 'அமிட்டோன்' என்ற பெயரில் கடைக்கும் வந்து, மனிதருக்கு ஆகாத கடுவிஷம் என்று திரும்பப் பெறப்பட்டது. போர்ட்டன் டவுன் அந்த வழியைப் பிடித்துக்கொண்டு போனதன் விளைவு விஎக்ஸ். நரம்பு தசைக்கு 'சுருங்கு' என்று கட்டளையிட்டதும், அந்தக் கட்டளையைத் துடைத்து அழிக்கும் நொதி ஒன்று உடம்பில் இருக்கிறது. விஎக்ஸ் அந்த நொதியைக் கட்டிப்போடுகிறது. கட்டளை அழிவதில்லை, தசைகள் ஓய்வதில்லை, மூச்சை இழுத்து விடும் தசைகளும் அவற்றுள் அடக்கம். தோலில் பத்து மில்லிகிராம் படிந்தால் போதும்.

அது மலேசிய மண்ணில் பிரயோகமாகும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். 2017 பிப்ரவரி 13-ஆம் தேதி காலை, கோலாலம்பூர் இரண்டாம் விமான முனையத்தின் புறப்பாட்டுக் கூடத்தில், வடகொரிய அதிபரின் வேறு தாய்க்குப் பிறந்த அண்ணன் கிம் ஜோங் நாமின் முகத்தில் இரண்டு பெண்கள் கையால் எதையோ தடவிவிட்டு ஓடினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே அவர் உயிர் பிரிந்தது. பதினொரு நாளில், அது விஎக்ஸ் என்று அறிவிக்கப்பட்டது. அதைக் கண்டறிந்தது மலேசிய ரஸாயனத் துறை. அத்துறையின் ரஸாயன ஆயுதப் பகுப்பாய்வு மையத் தலைவராக ஷா ஆலம் உயர்நீதிமன்றத்தில் சாட்சி சொன்னவர் டாக்டர் ராஜா சுப்பிரமணியம். முகம், கண், உடுப்பு இவற்றிலிருந்து எடுத்த மாதிரிகளில் விஷத்தையும், ஒரு பெண்ணின் நகத்திலும் இன்னொருத்தியின் மேற்சட்டையிலும் அதன் மிச்சசொச்சங்களையும் அவர் நீதிபதிக்கு விளக்கினார். வங்காளத்துப் பெயருடைய ஒருவர் பூச்சிக்காகத் தொடங்கிய பொருளைத் தமிழ்ப் பெயருடைய ஒருவர் கொலைக் கருவியென்று அடையாளம் காட்டியதை ஒரு தற்செயல் என்பதற்கு மேல் நான் பெரிதுபடுத்தவில்லை. ஆனால் நம் பிள்ளைகளுக்குச் சொல்லிவைக்க வேண்டிய தற்செயல்.

நம் இனத்தின் கணக்கில் பற்றுப் பக்கமும் உண்டு, அதை மறைத்துவிட்டு இந்தக் கட்டுரையை எழுதுவது அழகன்று. 1990 ஜூன் மாதத்தில் இலங்கையின் கிழக்கே கிரான் ராணுவ முகாமைத் தாக்கிய விடுதலைப்புலிகள், அருகிலிருந்த காகித ஆலையிலிருந்து கொணர்ந்த குளோரினைக் காற்றின் திசை பார்த்துத் திறந்துவிட்டார்கள். அறுபதுக்கு மேற்பட்ட சிப்பாய்கள் பாதிக்கப்பட்டார்கள். கூழை வெளுத்துப் பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்துக்குத் தாள் செய்ய வைத்திருந்த சரக்கு அது. எழுபத்தைந்து வருஷம் கழிந்தும் ஈப்ரத்து முறையில் ஒரு மாற்றமும் இல்லை: ஆலைச் சரக்கு, உருளை, காற்று. இதற்கு ஆறு வருஷம் முன்னால் போபாலில் படையும் இல்லை, பகையும் இல்லை. 1984 டிசம்பர் 2-ஆம் தேதி நள்ளிரவில் பூச்சிமருந்து ஆலையின் தொட்டியிலிருந்து சுமார் 40 டன் மீத்தைல் ஐசோசயனேட் தானாகவே வெளியேறி உறங்கும் ஊரின்மேல் படிந்தது. அந்தப் பொருளைச் செய்ய அங்கே மூலச்சரக்காகப் பயன்பட்டது எது தெரியுமா? பாஸ்ஜீன்.

1997-இல் அமுலுக்கு வந்த சர்வதேச ரஸாயன ஆயுத உடன்படிக்கை, பாஸ்ஜீனையும் விஎக்ஸையும் கடுகுவாயுவையும் அட்டவணைகளில் ஏற்றி, ஆலைகளுக்குள் போய் எண்ணிப் பார்க்கும் அதிகாரத்தை ஆய்வாளர்களுக்குக் கொடுத்திருக்கிறது; மலேசியாவும் இதற்கென்று 2005-இல் தனிச்சட்டம் செய்தது. குளோரினும் அக்ரோலினும் அட்டவணையில் இல்லை, ஆனால் எந்த விஷப் பொருளையும் ஆயுதமாக்குவது குற்றம் என்ற பொது விதி அவற்றையும் பிடித்துக்கொள்ளும். ஆக, அக்ரோலினைக் குண்டில் அடைத்து எறிபவன் மனித குலத்தின் உடன்படிக்கையை மீறியவன். அதுவே ஆவியாக எழும் கழிவை ஆற்றில் ஊற்றுபவன் மேல் 1974-ஆம் வருஷத்துச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ் வழக்கு. பிள்ளையின் நரம்பு நுனியில் இருக்கும் அந்தப் புரதக் கதவுக்கு இந்தப் பேதம் தெரியாது.

மூன்று மாதங்கழித்து, அதே 2019 ஜூனில், பாசிர் கூடாங்கின் பள்ளிகளில் பிள்ளைகள் மறுபடியும் மூச்சுத் திணறி வாந்தியெடுத்தார்கள்; இம்முறை மூடப்பட்டவை 475 பள்ளிகள்.

தஞ்சோங் லங்சாட் பக்கம் ஓர் ஆலையில் வேலை செய்யும் என் மைத்துனர், அங்கே முதல் நாள் பாடமே கம்பத்தின் உச்சியில் தொங்கும் ஆரஞ்சு நிறத் துணிப்பையைப் பார்த்து நடப்பதுதான் என்பார். சங்கு ஊதினால் முதலில் கேட் எங்கே என்று பார்க்கக் கூடாது, பையைப் பார்க்க வேண்டும். அது எந்தப் பக்கம் வாலை நீட்டுகிறதோ அந்தப் பக்கம் ஓடக் கூடாது, குறுக்கே ஓடிக் காற்றின் பாதையை விட்டு விலகி, பிறகு காற்று வரும் திசை நோக்கிப் போக வேண்டும். போன தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். குவாலி கமறி, என் மனைவி வழக்கம்போல் ஜன்னலைத் திறக்கச் சொன்னாள். அவர் எழுந்து போய், திறக்கக் கையை வைத்தவர், எதிர்த் திடலில் பையன்கள் விட்டிருந்த பட்டத்தைக் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். "ஆத்துப் பக்கமிருந்து அடிக்குது, அக்கா," என்று சொல்லிவிட்டு, ஜன்னலை விட்டுவிட்டுப் பின்கட்டுக் கதவைத் திறக்கப் போனார்.